சின்னவனின் இரத்தமும் ஒரு நொதியமும்

மார்ச் 3, திங்கள்

தங்கச்சியின் மகனுக்கு மஞ்சள் காமாலை. பிறந்து மூன்றாம் நாள். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் நீல வெளிச்சத்தின் கீழ் கிடத்தியிருக்கிறார்கள். உடம்பை மஞ்சளாக்கும் பிலிருபின் இரத்தத்தில் ஏறும் வேகம் டொக்டருக்குப் பிடிக்கவில்லை. இரத்தம் எடுத்தார்கள்.

மார்ச் 5, புதன்

ஜி6பிடி குறைபாடாம். முழுப்பெயர் குளுக்கோஸ்-6-பொஸ்பேட் டீஹைட்ரஜனேஸ், அது ஒரு நொதியம். மற்றக் கலங்களில் சக்தி தயாரிக்கும் மைட்டோகொண்ட்ரியா சிவப்பணுவுக்குள் கிடையாது. ஒட்சியேற்றத்தால் வரும் சேதத்தைத் தாங்கத் தேவையான என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறை இந்த நொதியத்தின் பாதையில்தான் அது தயாரித்துக்கொள்கிறது. நொதியம் குறைந்தால், ஒத்துக்கொள்ளாத மருந்தோ இரசாயனமோ பட்டதும் அணுக்கள் உடையும். உடைந்த ஹீமோகுளோபினில் இருந்து வருவதுதான் பிலிருபின். பச்சைப்பிள்ளையின் ஈரலுக்கு அவ்வளவையும் வெளியேற்றப் பலமில்லை. அளவு மீறினால் மூளையைத் தாக்கும். அந்த வெளிச்சத்துக்கு ஏன் அவ்வளவு அவசரப்பட்டார்கள் என்று இப்போது விளங்குகிறது.

பின்னேரம் மிஸ்ஸி பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை எடுத்து மணந்து பார்த்தா.

"இத எங்க வச்சிருந்தீங்க அம்மா?"

"அலுமாரிக்குள்ள, பூச்சி உருண்டை போட்டுத்தான் மகள்."

அந்த உருண்டையில் இருப்பது நப்தலீன். இந்தப் பிள்ளைகளின் இரத்தத்தை உடைக்கக்கூடியது. துணி மூட்டை அப்படியே வீட்டுக்குத் திரும்பியது.

மார்ச் 8, சனி

மஞ்சள் இறங்குகிறது.

பார்க்க வந்த மாமி, "தாய்க்காரியால வந்தது" என்று வாய்விட்டா. எனக்குச் சரியான கோபம். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆண்பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றே, அது தாயிடமிருந்துதான் வரும். அதில் குற்றம் எங்கே? உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இது உண்டு. மலேரியா நீண்டகாலம் இருந்த நாடுகளில்தான் அதிகம், ஏனென்றால் கடும் மலேரியாவிலிருந்து இது ஓரளவு காப்பாற்றியிருக்கிறது. 1956 இல் இதைக் கண்டுபிடித்ததும் மலேரியா மருந்தால்தான்: பிரைமாகுயின் குடித்த சிலருக்கு மட்டும் ஏன் இரத்தம் உடைகிறது என்று அமெரிக்காவில் தேடினார்கள். இலங்கை 2016 இல் மலேரியா இல்லாத நாடாகிவிட்டது. மரபணு போகவில்லை.

மார்ச் 12, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டான். நன்றாகப் பால் குடிக்கிறான். டொக்டர் சொன்னபடி, தூண்டுபவை படாதவரை மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் வளர்வான். பிரைமாகுயின், டப்சோன், நைட்ரோபுரன்டொயின் மருந்துகள் ஆகாது. பூச்சி உருண்டை ஆகாது. மருதோன்றியும் பூசக்கூடாது, காத்தான்குடிச் சிநேகிதிக்கு அதை உடனே சொன்னேன், அவளிடமும் கைக்குழந்தை இருக்கிறது. பாக்லா அவரை (ஃபாவா பீன்ஸ்) சாப்பிடக்கூடாது, பருப்பும் பயிற்றங்காயும் பிரச்சினை இல்லை.

சில மாதத்தில் மறுபடி சோதனை. அணுக்கள் உடைந்த கையோடு புதிதாக வரும் அணுக்களில் நொதியம் கூடுதலாக இருக்குமாம், அளவு சரியாகத் தெரியாது. அதுவரை சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதித் தந்திருக்கிறார்கள். எந்த டிஸ்பென்சரிக்குப் போனாலும் மருந்து வாங்க முதல் அதைக் காட்டச் சொல்லித் தங்கச்சியின் புருஷனிடமும் சொல்லிவிட்டேன்.