மிதி என்று பேர், மிதிக்கத்தான் முடியாது

டிரைவிங் லைசென்ஸைக்கூட யாரும் கேட்கவில்லை. பிரான்ஸின் தெற்கே லெ சொமாய் என்ற சின்ன ஊரில், பதினோரு மீட்டர் நீளப் படகின் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். உள்ளே இரண்டு படுக்கையறை, அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. அதுவரை நான் ஓட்டியதில் பெரியது ஏழு பேர் உட்காரும் கார்.

துலூஸில் வேலை பார்க்கும் மச்சினன் செய்த ஏற்பாடு இது. "லைசென்ஸே வேண்டாம் மாமா" என்று அவன் போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. அவன் சொன்னது பாதிதான் உண்மை. பிரான்ஸில் 4.5 கிலோவாட்டுக்கு, அதாவது 6 குதிரைசக்திக்கு மேல் எஞ்சின் இருக்கும் படகைச் சொந்தமாக வாங்கி ஓட்டினால் பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். அதே அளவுப் படகை இந்த மாதிரிக் கால்வாயில் வாடகைக்கு எடுத்தால், வாடகைக்காரர் பாடம் நடத்தி 'கார்த் து பிளெசான்ஸ்' என்றொரு தாள் தருகிறார். அந்தப் படகுக்கு, அந்த வாடகை நாட்களுக்கு மட்டும் செல்லும் தற்காலிகச் சான்று அது. வாங்கினால் பரீட்சை, வாடகைக்கு எடுத்தால் ஒரு மணி நேர வகுப்பு. இதில் என்ன நியாயமென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தாளில் என் பேர் ஏறியது. அதற்கப்புறம் படகில் யார் என்ன செய்தாலும் பொறுப்பு எனக்கு. சுக்கானைப் பிடிப்பவர் மாறலாம், கேப்டன் மாற மாட்டார். "வீட்டில் கிடைக்காத பதவி, அனுபவிங்க" என்றாள் மனைவி.

கால்வாயின் பேர் கனால் து மிதி. பிரெஞ்சில் 'மிதி' என்றால் தெற்குத் திசை. தமிழ்க் காதுக்கு ஆக்சிலரேட்டர்தான் ஞாபகம் வருகிறது. படகிலோ மிதிக்க ஒன்றுமே இல்லை, கையால் தள்ளும் ஒரு நெம்புகோல்தான். அதையும் முழுக்கத் தள்ளக் கூடாது, உச்ச வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர். கரையோரப் பாதையில் சைக்கிளில் போன பாட்டி எங்களைப் பார்த்துக் கையாட்டிவிட்டு முந்திப் போனார்.

அந்த 8-க்குக் காரணம் கரையிலேயே தெரிகிறது. 1666-இல் வெட்டத் தொடங்கி 1681-இல் திறந்த கால்வாய் இது. வெட்டிய பியர்-பால் ரிக்கே திறப்பைப் பார்க்காமல் சில மாதம் முன்பே இறந்துவிட்டார். கரை முழுக்க மண். வேகமாகப் போனால் படகு கிளப்பும் அலை அதைக் கரைத்துவிடும். மண்ணைப் பிடித்து நிற்பவை இரு பக்கமும் வரிசையாக நிற்கும் பிளேன் மரங்களின் வேர்கள். அந்த மரங்களுக்கு ஒரு பூஞ்சை நோய். இந்தக் கால்வாயில் 2006-இல் கண்டுபிடித்தார்கள், ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள். பட்டையில் காயம் பட்டால் நோய் நுழைய வழியாகிவிடும். அதனால் மரத்தில் கயிறு கட்டவே கூடாது. கரையில் அடிக்க இரண்டு இரும்பு முளையும் சுத்தியலும் படகிலேயே இருந்தன. நம் ஊரில் மாடு கட்ட முளை அடிப்பதைப் பார்த்தவனுக்கு அது ஒன்றுதான் சொல்லித்தராமலே வந்தது.

நான் சறுக்கியது வேறு இடத்தில். தண்ணீரில் வலப்பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும். வகுப்பில் தலையாட்டினேன். முதல் வளைவில் எதிரே ஒரு படகு வந்ததும் இருபது வருஷப் பழக்கம் கையை இடப்பக்கம் இழுத்தது. அந்த ஆள் ஒரு குட்டி ஹாரன் அடித்தார். மரியாதைக்கு அடிக்கிறார் என்று நானும் அடித்தேன். பிறகுதான் மச்சினன் அட்டையைப் பார்த்துப் படித்தான். ஒரு குட்டி ஹாரன் என்றால் 'நான் வலப்பக்கம் திரும்புகிறேன்', இரண்டு என்றால் இடப்பக்கம், மூன்று என்றால் பின்னால் எடுக்கிறேன், நான்கு என்றால் 'என்னால் திருப்ப முடியவில்லை'. நான் வலப்பக்கம் போகிறேன் என்று அறிவித்துவிட்டு இடப்பக்கம் போயிருக்கிறேன். நியாயமாக நான்குதான் அடித்திருக்க வேண்டும். படகுக்கு பிரேக்கும் கிடையாது, ரிவர்ஸ் போட்டு அது நிற்பதற்குள் முன்முனை நாணலுக்குள் புகுந்திருந்தது. எதிரே வந்தவர் சிரித்துக்கொண்டே போனார்.

கபெஸ்தாங் பாலம் தாழ்ந்த வளைவு. மேல்தளக் குடையை மடக்கி, எல்லோரும் குனிந்து உட்கார்ந்து போனோம். சூரியன் மறைந்தால் வாடகைப் படகு ஓடக் கூடாது, ஆகவே அன்றிரவு அங்கேயே. மறுநாள் காலை மல்பாஸ் சுரங்கம். 1679-இல் உதிரும் மலையைக் குடைந்தது, ஐரோப்பாவில் படகு போவதற்காகத் தோண்டிய முதல் சுரங்கம். ஒரு படகுக்குத்தான் அகலம், வாசலில் நீளமாக ஹாரன் அடித்து, பதில் வராவிட்டால் நுழையலாம். நான்கு விநாடி அழுத்தினேன். குகை திருப்பிச் சொன்ன எதிரொலியை எதிர்ப்படகு என்று நினைத்து ஐந்து நிமிஷம் காத்திருந்ததை மச்சினன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அதற்கப்புறம் ஃபோன்செரான். பெசியே நகருக்கு மேலே, படிக்கட்டு மாதிரி அடுக்கிய லாக்குகள். லாக் என்றால் இரண்டு பக்கமும் கதவு போட்ட தொட்டி. தண்ணீரை இறக்கினால் படகும் கூடவே இறங்கும். இங்கே மொத்தம் 8 தொட்டி, 9 கதவு, 21.5 மீட்டர் உயரம். 1858-இல் ஓர்ப் ஆற்றின் மேல் கால்வாயையே தூக்கிக்கொண்டு போகும் நீர்ப்பாலம் வந்தபின் ஆற்றில் இறங்கும் வேலை இல்லை, அதனால் படகுகள் அடிவரை போவதில்லை. மேலே ஏறவும் கீழே இறங்கவும் தனித்தனி நேரம், மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டு. பிரெஞ்சுக்காரர் சாப்பிடும்போது கால்வாயும் சாப்பிடும்.

வகுப்பில் மூன்று தடவை சொன்ன விதி ஒன்று: இறங்கும்போது கயிற்றைக் கட்டாதே, சுற்றிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடு. மச்சினன் போட்டோ எடுப்பதற்காகக் கட்டிவிட்டான். தண்ணீர் இறங்கியது, படகின் முன்முனை மட்டும் இறங்கவில்லை. அடுப்பின் மேலிருந்த பாத்திரங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. கயிறு வீணைத் தந்தியாக விறைத்துக்கொண்டது. லாக்கை இயக்கியவர் மேலிருந்து கத்தியது பிரெஞ்சில்தான், ஆனால் எனக்கே புரிந்தது. தண்ணீரை நிறுத்தினார். மறுபடி கொஞ்சம் ஏற்றி, கயிறு தளர்ந்ததும் மச்சினனை அவிழ்க்கச் சொன்னார். அப்புறம் நேராக என்னிடம் வந்தார். கட்டியவன் பக்கத்திலேயே நின்றான், அவனை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "கேப்டன் நீங்கதானே?" என்று கேட்டு, அடுத்த இரண்டு நிமிஷம் திட்டு முழுக்க எனக்கு. மச்சினன் கண்ணிமைக்காமல் மொழிபெயர்த்தான், அவன் செய்த காரியத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும்.

திரும்பிப் போகும்போது கயிற்றை நான் பிடித்துக்கொண்டேன். சுக்கான் மனைவியிடம். எதிரே படகு வந்தபோது அவள் ஹாரன் அடிக்காமலே அழகாக வலப்பக்கம் ஒதுங்கினாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது.