ஜெனோவாவின் சந்துகளில்

இத்தாலியின் ஜெனோவாவுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. துறைமுகத்தை ஒட்டிய பழைய ஊரின் சந்துகளில் சில, இரண்டு கையையும் நீட்டினால் இருபுறச் சுவரும் தட்டும் அகலம்தான். மேலே ஆறேழு மாடி. வெயில் உச்சிப்பொழுதில் எட்டிப் பார்த்தால் உண்டு. போனில் இருந்த மேப் கைவிட்டதும், மூலைச் சுவர்களில் இருக்கும் மாதா சிலைகளை அடையாளம் வைத்துக்கொண்டு நடந்தேன். அப்படியும் ஒரே செருப்புக் கடையை நான்கு முறை கடந்தேன்!

சான் லொரென்சோ பேராலயத்துக்குள் ஒரு பீரங்கிக் குண்டு நிற்கிறது. 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் கடற்படை சுட்டதில் ஒன்று உள்ளே வந்து விழுந்து, வெடிக்காமல் போனதன் நினைவு. அதன் முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

கரிபால்டி தெருவின் மாளிகைகள் வேறு உலகம். அரசு விருந்தாளி வந்தால் எந்தப் பணக்காரர் வீட்டில் தங்க வைப்பது என்று 1576இல் பட்டியலே போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இருந்த மாளிகைகளில் 42 இப்போது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. உள்ளே தங்க முலாம் கண்ணைக் கூச வைத்தது. எனக்குச் சந்துகளே பிடித்தன.

அப்புறம் ஃபரினாட்டா. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் வேகவைக்கிறார்கள். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. மேலே மிளகுத்தூள். சட்னி கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.