என்ன சாப்பிடலாம் என்று குளுக்கோமீட்டரிடம் கேட்டேன்

சர்க்கரை நோய் என்று தெரிந்த நாளில் என் எச்பிஏ1சி 8.4. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் பரிசோதனை அது. 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று கணக்கு. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், "இனிப்பைக் குறைச்சுக்குங்க" என்றார். அவ்வளவுதான். அன்று இரவு தட்டு முன்னால் உட்கார்ந்தவனுக்கு எதைத் தொடுவது என்றே தெரியவில்லை.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சோற்றை அடியோடு விடு என்றார் ஒருவர். பழத்தைத் தொடாதே என்றார் இன்னொருவர். பயத்தில் எல்லாவற்றையும் விட்டேன். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட ஒரு நாள், கை நடுங்கி, சட்டை நனைய வேர்த்துவிட்டது. விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டரில் அளந்தால் 62 (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு). எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து, ஏறியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் உயிர் வந்தது. நான் போடுவது கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை, வேளை தவறக் கூடாது என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. உங்கள் மாத்திரை எந்த வகை என்று தயவுசெய்து கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் பார்த்த உணவு ஆலோசகர்தான் வழி காட்டினார். சாப்பிடுவதற்கு முன் ஒருமுறை, சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை அளந்து எழுதச் சொன்னார். இரண்டாவது எண் 180-க்குள் நிற்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்.

சோற்றில் ஆரம்பித்தேன். இரண்டு கப் சோறும் பேருக்குக் கொஞ்சம் காயும் வைத்துச் சாப்பிட்ட நாளில் 128 என்பது 231 ஆனது. மறுநாள் ஒரே கப் சோறு, தட்டில் பாதி காய், இரண்டு முட்டை: 124, பிறகு 172. மூன்றாம் நாள் அதே தட்டுதான். காயையும் முட்டையையும் முதலில் முடித்துவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தேன். 126-லிருந்து 158-க்குத்தான் போனது. அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சோறு எனக்கு எதிரி இல்லை, அளவுதான் பிரச்சினை! வெந்த சோறு ஒரு கப்பில் ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. இரண்டு கப் என்றால் 90. பழுப்பரிசிக்கு மாறியும் பார்த்தேன். என் எண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. வேறொருவருக்கு இருக்கலாம்.

பழமும் திரும்பி வந்தது. ஒரு ஆரஞ்சை உரித்துச் சாப்பிட்டால் எனக்குக் கட்டுக்குள் நிற்கிறது. அதையே சாறாக்கினால் ஒரு டம்ளருக்கு மூன்று நான்கு பழம் போய்விடுகிறது, நார்ச்சத்தும் சக்கையோடு போய்விடுகிறது. அதனால் சாறு வேண்டாம் என்று முடிவு செய்தேன். 'சர்க்கரை சேர்க்காதது' என்று போட்ட பிஸ்கட்டை நம்பி ஏமாந்ததும் உண்டு. பாக்கெட்டின் பின்பக்கம் மொத்த மாவுச்சத்து எத்தனை கிராம் என்று பார்க்காமல் இப்போது எதையும் வாங்குவதில்லை.

ஆறு மாதத்தில் எச்பிஏ1சி 6.9-க்கு வந்தது. காலை உணவுதான் இன்னும் பிடிபடவில்லை. விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்களால் அந்த நேரத்தில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லையாம். இரவில் ஒன்றும் செய்யாத அதே இரண்டு துண்டு ரொட்டி காலையில் 200-ஐத் தாண்டிவிடுகிறது. இந்த வாரம் ஒரு துண்டைக் குறைத்து முட்டை சேர்த்திருக்கிறேன். நேற்று 176, இன்று 169.