அம்மாவின் பியானோவும் தொளதொளத்த ஆறாம் கம்பியும்

கிட்டார் வகுப்புகளில் தவறாமல் வரும் கேள்வி: கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) எல்லாம் சரியாகப் பிடித்தும், இங்கிலாந்துப் பாடகர் நிக் டிரேக்கின் பாட்டு ஏன் அவர் பாட்டு மாதிரி கேட்பதில்லை? கார்டில் குற்றமில்லை, கம்பிகளின் சுருதிதான் வேறு.

‘பிங்க் மூன்’ பாட்டுக்குத் தடித்த கம்பியிலிருந்து சி–ஜி–சி–எஃப்–சி–ஈ என்று சேர்க்க வேண்டும். ஆறாம் கம்பி, அதாவது தடித்தது, நான்கு ஃப்ரெட் அளவு இறங்கும் (ஃப்ரெட் என்பது கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி, ஒன்றுக்கு அரைச் சுரம்). ஐந்து, நான்கு, மூன்று ஆகியவை இரண்டிரண்டு ஃப்ரெட் இறங்கும். இரண்டாம் கம்பி மட்டும் ஒரு ஃப்ரெட் ஏறும், முதல் கம்பியைத் தொட வேண்டாம். பிறகு இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ, அதாவது எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக அழுத்தும் கவ்வி.

ஒரே சுற்றில் இது நிற்காது. நான்கு கம்பிகளைத் தளர்த்தியதும் கழுத்தின் மேலுள்ள இழுவை குறைந்து அது நிமிரும், முன்பே சேர்த்த கம்பிகள் கொஞ்சம் ஏறிவிடும். அதனால் முதலில் இறங்க வேண்டியவற்றை இறக்கிவிட்டு, இரண்டாம் கம்பியை ஏற்றி, மறுபடி ஆறிலிருந்து ஒரு சுற்று வர வேண்டும். இறக்கும்போது சுரத்தைத் தாண்டிக் கீழே போய், அங்கிருந்து ஏற்றி நிறுத்தினால்தான் திருகாணியின் தளர்வு போகும். கேப்போவை அழுத்திப் போட்டால் தொளதொளத்த தடித்த கம்பி சுருதி ஏறும். ஃப்ரெட்டை ஒட்டி லேசாகப் போட்டு, திரும்பச் சரிபார்க்க வேண்டும். ஆறாம் கம்பி ஃப்ரெட்டில் பட்டு இரைந்தால் 53க்குப் பதில் 56 கேஜ், அதாவது இன்னும் தடித்த கம்பி, போட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவு பாடு எதற்கு? மூன்றாம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில் (கேப்போவிலிருந்து எண்ணி) ஒரு விரல் வைத்து ஆறு கம்பிகளையும் மீட்டினால் சுத்தமான மேஜர் கார்டு, தெளிந்து இனிக்கும் கூட்டு. விரலை எடுத்தால் எஃப் வந்து மேலே இருக்கும் ஈயோடு உரசும். அந்த இனிப்பும் புளிப்பும் ஒரே விரலில் கிடைக்கிறது.

அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலர் அன்றைய இங்கிலாந்தின் நாட்டுப்புற கிட்டார்காரர்களைக் காட்டுவார்கள். நிக் வீட்டுப் பியானோவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. நிக் 1948 ஜூன் 19 அன்று ரங்கூனில் பிறந்தார். அப்பா ராட்னி, பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனில் பொறியாளர். அம்மா மாலியும் ரங்கூனில் பிறந்தவர்தான். 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது டெல்லிக்குத் தப்பிப் போய், சகோதரியோடு சேர்ந்து அகில இந்திய வானொலியில் பாடியவர். அக்கா கேப்ரியல் லாகூரில் பிறந்து நடிகையானார். 1950களின் தொடக்கத்தில் குடும்பம் வார்விக்‌ஷயரின் டான்வொர்த்-இன்-ஆர்டன் கிராமத்தில் ‘ஃபார் லேஸ்’ வீட்டில் குடியேறியது. அங்கே மாலி பாட்டு எழுதி பியானோவில் பாட, ராட்னி டேப்பில் பதிந்து வைத்தார். மேஜரில் நடக்கும் மெட்டு சட்டென்று நிழலுக்குள் நழுவும் அந்தத் திருப்பங்களைக் கேட்டால், மகனின் கிட்டாரில் கேட்ட குரல்தானே இது என்று தோன்றும்.

எல்லாவற்றையும் சுருதி மாற்றத்தின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. ‘ரிவர் மேன்’ வழக்கமான சுருதிதான், மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ. தாளம்தான் ஐந்து எண்ணிக்கை. கண்டச் சாபு பழகிய காதுக்கு அது பெரிய தகராறில்லை.

மேடையில்தான் இந்தச் சுருதிகள் நிக்கைக் கைவிட்டன. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே திருகாணியைத் திருப்பிக்கொண்டிருப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். கூட்டம் தன் பேச்சைத் தொடங்கிவிடும். இன்று அதே பாடல்களை வாசிப்பவர்கள் இரண்டு கிட்டார் கொண்டுபோவதும், ஒரே சுருதிப் பாடல்களை அடுத்தடுத்து அடுக்குவதும் அதனால்தான்.

‘பிங்க் மூன்’ தொகுப்பு 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில், செல்சியின் சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டின் முன் பதிவானது. குரலும் கிட்டாரும்தான். தலைப்புப் பாட்டில் மட்டும் சில சுரங்கள் பியானோ, அதையும் நிக்கே வாசித்தார். 1974 நவம்பர் 25 அன்று, 26 வயதில், ஃபார் லேஸ் வீட்டில் இறந்தார். மாலியின் பாடல்கள் தனித் தொகுப்பாகப் பரவலாக வெளிவர 2013 ஆனது. அதற்கு 20 ஆண்டுகள் முன்பே அவரும் போய்விட்டார்.