மகளிடம் எப்போது, எதைச் சொல்வது

எச்ஐவியுடன் வாழும் குழந்தையை வளர்ப்பதில் மருந்து கொடுப்பதுதான் பெரும்பாடு என்று பலரும் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் அதைவிடக் கடினமானது, அந்த மருந்து எதற்காக என்று குழந்தைக்குச் சொல்வது. என் மகளுக்குத் தொற்று என்னிடமிருந்து வந்தது. ஆகவே அவளிடம் சொல்ல வேண்டிய உண்மையில் என் கதையும் கலந்தே இருந்தது. குழந்தையின் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் பெற்றோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

சிகிச்சையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் தாமதம் கூடாது. மருந்தே கிடைக்காத குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்த சில வாரங்களிலேயே கூட்டு மருந்தைத் தொடங்கிய குழந்தைகளிடையே இறப்பு 76 சதவீதம் குறைந்திருந்தது. அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் அதன் பிறகுதான் கைவிடப்பட்டது. கிருமிக்கு எதிராகத் தாயின் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரை தங்கக்கூடும் என்பதால், அதற்கு முன் அவற்றைத் தேடும் வழக்கமான பரிசோதனையை வைத்து முடிவு சொல்ல முடியாது. வைரஸையே நேரடியாகத் தேடும் பிசிஆர் பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும்.

என் மகளுக்கு முதலில் கிடைத்தது லோபினாவிர் சிரப். அதில் 42 சதவீதம் ஆல்கஹால். நாக்கில் பட்ட கசப்பு வெகுநேரம் போகாது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்புவாள். ஊசியில்லாத சிரிஞ்சைக் கன்னத்தின் உட்புறமாக நுழைத்து, சிறிது செலுத்தி, தொண்டை அசைந்து அவள் விழுங்கிவிட்டதைப் பார்த்த பிறகே மீதியைக் கொடுப்பேன். இப்போது கைக்குழந்தைகளுக்கு, தண்ணீரில் கரையும் ஸ்ட்ராபெர்ரி சுவையுள்ள 10 மில்லிகிராம் டோலுடெகிராவிர் மாத்திரை வந்துவிட்டது. நான்கு வாரம் நிறைந்து 3 கிலோ எடையுள்ள குழந்தைக்கே அதைக் கொடுக்கலாம். கரைத்த கோப்பையின் அடியில் தங்குவதையும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசிக் கொடுத்துவிட வேண்டும். அளவு எடையைப் பொறுத்தது என்பதால், குழந்தை வளர வளர மருந்தும் கூட வேண்டும். ஒவ்வொரு முறையும் எடை பார்க்கிறார்களா என்பதை நாமும் கவனிப்பது நல்லது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். பள்ளி செல்லும் வயதுக் குழந்தைகளுக்குத் தங்கள் நிலையைச் சொல்லிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் வழிகாட்டியது. அதைவிடச் சிறியவர்களுக்கு, அவர்களுக்குப் புரியும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. 'சத்து மாத்திரை' என்று சொல்லிச் சமாளிக்கும் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். அந்த அச்சம் எனக்குத் தெரியும். ஆனாலும் பொய் சொல்லிக் கொடுக்கும் மாத்திரையைக் குழந்தை ஒருநாள் தேவையில்லை என்று நிறுத்திவிடும், அல்லது மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியைப் படித்துத் தானாகவே தெரிந்துகொள்ளும் என்பதால், நான் அந்த வழிக்குப் போகவில்லை.

அவள் சிறு பெண்ணாக இருந்தபோது, "உன் ரத்தத்தில் ஒரு கிருமி தூங்குகிறது, மாத்திரை அதை எழுந்திருக்க விடாது" என்று மட்டும் சொன்னேன். பிறகு உடலில் நோயை எதிர்த்து நிற்கும் சிடி4 என்ற வெள்ளை அணுக்களைப் பற்றி, கிருமி அவற்றுக்கு என்ன செய்யும் என்பதைப் பற்றிப் பேசினோம். கிருமியின் பெயரைச் சொன்ன நாளில் ஆலோசகரும் உடனிருந்தார். அவள் நோயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "நீயும் இதே மாத்திரைதானே சாப்பிடறே? அப்போ உனக்கும் இருக்காம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்போ எனக்கு உன்கிட்டேயிருந்தா வந்துச்சு?" என்பது அடுத்த கேள்வி. அதற்கும் ஆமாம் என்றேன். கர்ப்ப காலத்தில் எனக்குப் பரிசோதனை நடக்கவில்லை என்பதையும், எனக்கே அப்போது தெரியாது என்பதையும் விளக்கினேன். சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம்; மருந்து எடுத்துக்கொண்டால் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. அந்தக் கணக்கை அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். தனக்கு ஒரு குழந்தை பிறந்தால் என்ன ஆகும் என்றுதான் யோசித்திருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

யாரிடம் சொல்லலாம் என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். மறைக்க வேண்டிய அவமானம் என்று குழந்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே சமயம், ஊரெல்லாம் தெரிந்தால் வரும் துன்பத்தையும் நாம் அறிவோம். "இது உன்னுடைய விஷயம், யாரிடம் சொல்வது என்று நீதான் முடிவு செய்வாய், அதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேள்" என்று சொல்லியிருக்கிறேன். கட்டிப்பிடிப்பதால், ஒரே தட்டில் சாப்பிடுவதால், ஒன்றாக விளையாடுவதால் எவருக்கும் இது தொற்றாது என்பதால், பள்ளிக்குச் சொல்லாமல் இருப்பதில் எவருக்கும் தீங்கில்லை என்பது என் உறுதியான எண்ணம். முழங்கால் சிராய்த்தால், எந்தக் குழந்தையின் ரத்தமானாலும், கையுறை அணிந்து துடைப்பதுதான் முறை.

பதின்வயதில்தான் மாத்திரை தவறத் தொடங்கும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அடிக்கடி தவறினால் வைரஸ் மருந்துக்குக் கட்டுப்படாத வடிவத்துக்கு மாறிவிடலாம். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் தொடர்ந்து இருந்தால் உடலுறவின் வழியே அது இன்னொருவருக்குப் பரவாது என்பதையும், அவளுக்கு அந்தப் பேச்சு தேவைப்படும் முன்பே, கூச்சத்தை ஒதுக்கிவைத்துச் சொல்லிவிட்டேன். அடுத்த முறை மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்கிறாள். கேட்க வேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள். விடுதியில் தங்கிப் படிக்கப் போனால் மாத்திரைப் புட்டியை எங்கே வைப்பது என்பது அதில் முதல் கேள்வி.