கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்த நாள்

11 ஜனவரி 2025, சனி

அமெரிக்கக் குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தை இன்று ஆன்லைனில் அனுப்பியாயிற்று. கட்டணம் 710 டாலர். தாளில் நிரப்பி அனுப்பினால் 760.

கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருஷம் முடிய 90 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். அந்த ஐந்து வருஷத்தில் நாட்டை விட்டு வெளியே போன ஒவ்வொரு பயணத்துக்கும் போன தேதி, வந்த தேதி கேட்கிறார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மங்கிக் கிடந்தன. பழைய டிக்கெட் மின்னஞ்சல்களைத் தோண்டியே மத்தியானம் போய்விட்டது.

அப்புறம் ஆமாம், இல்லை கேள்விகள். உலகத்தில் எங்காவது கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததுண்டா, அதோடு ஏதாவது தொடர்பு உண்டா? தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் சிவப்புத் துண்டோடு உண்டியல் குலுக்கியவர். கேட்டது என்னைப் பற்றி மட்டும்தான், அதனால் "இல்லை". தாத்தா இருந்திருந்தால் சிரித்திருப்பார், அல்லது ஒரு வாரம் என்னோடு பேசியிருக்க மாட்டார்.

இவர், என் வீட்டுக்காரர், விண்ணப்பிக்கவில்லை. "உனக்கு வேணும்னா எடுத்துக்கோ, எனக்கு இந்தப் பாஸ்போர்ட்டே போதும்" என்கிறார். சண்டையெல்லாம் இல்லை. ஆனால் சாப்பிடும்போது இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

8 பிப்ரவரி

கைரேகை, போட்டோ. போன வேகத்தில் முடிந்தது. இந்தப் போட்டோதான் குடியுரிமைச் சான்றிதழிலும் வருமாம். தெரிந்திருந்தால் தலையைச் சீவிக்கொண்டு போயிருப்பேன்.

12 ஜூன், வியாழன்

நியூ ஜெர்சியின் நியூவர்க்கில் நேர்காணல். நூறு கேள்விகளைப் படித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதில் பத்து வரை கேட்பார்கள், ஆறு சரியாகச் சொன்னால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. மாநிலத் தலைநகர் ட்ரென்டன், கவர்னர் ஃபில் மர்ஃபி, செனட்டர் கோரி புக்கர் என்று பிள்ளைகள் ஒரு மாதமாக என்னை ஒப்பிக்க வைத்தார்கள். "அமெரிக்க இந்தியப் பழங்குடி ஒன்றைச் சொல்லுங்கள்" என்று அதிகாரி கேட்டபோது அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. செரோகி என்றேன். ஆறு ஆனதும் நிறுத்திவிட்டார்.

பரீட்சையை விட அடுத்த பகுதிதான் கனம். சட்டம் கேட்டால் இந்த நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவீர்களா? ஒரு கரப்பான் பூச்சியை அடிக்க ஆள் கூப்பிடுகிறவள் நான். "ஏந்துவேன்" என்றேன். அதைச் சொல்லும்போது விளையாட்டாகத் தோன்றவில்லை.

24 ஜூலை, வியாழன்

இன்று உறுதிமொழி.

அழைப்புக் கடிதத்தின் பின்பக்கத்தில் சில கேள்விகள்: நேர்காணலுக்குப் பிறகு வெளிநாடு போனீர்களா, கைதானீர்களா, கல்யாணமோ விவாகரத்தோ உண்டா. வாசலிலேயே அந்தத் தாளையும் கிரீன் கார்டையும் வாங்கிக்கொண்டார்கள். எத்தனை வருஷம் எச்1பி வேலை விசா, எத்தனை வருஷம் அந்தக் கார்டுக்கான வரிசை! கார்டு ஒரு தட்டில் மற்ற கார்டுகளோடு போய் விழுந்தது. சான்றிதழ் கைக்கு வருவது உறுதிமொழிக்குப் பிறகுதான். அதுவரை வெறும் கையோடு உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு நாடாகப் பெயர் சொல்ல, அந்தந்த நாட்டுக்காரர்கள் எழுந்து நின்றார்கள். இந்தியா என்றதும் நிறையப் பேர் எழுந்தோம். வலது கையைத் தூக்கி, அதிகாரி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னோம். முன்பு குடிமகனாக இருந்த நாட்டின் மீதுள்ள விசுவாசத்தை முற்றிலும் துறக்கிறேன் என்ற வரி ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது.

என் ஒரு பக்கம் மெக்சிகோ அம்மாள், மறுபக்கம் பிலிப்பைன்ஸ் இளைஞர். மூவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னோம். ஆனால் மெக்சிகோ 1998 முதல் தன் மக்களுக்கு இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. பிலிப்பைன்ஸ் 2003 சட்டப்படி அந்த இளைஞர் தன் குடியுரிமையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நடைமுறையில் அமெரிக்கா யாரிடமும் பழைய பாஸ்போர்ட்டைக் கேட்பதில்லை. என்னுடையதைப் பறித்தது 1955 இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு: வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். இத்தனை நாள் இவர்கள் என்னைத் துறக்க வைக்கிறார்கள் என்று நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். வருத்தத்தை டெல்லிப் பக்கம் அனுப்பியிருக்க வேண்டும்.

சான்றிதழில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பச் சொன்னார்கள். கடைசிப் பெயராக அப்பா பெயர் இருக்கிறது. அப்பா இங்கே வந்ததே கிடையாது.

இரவு அம்மாவுக்குப் போன் செய்தேன். "அப்போ நீ நம்ம வீட்டுக்கு வரவே விசா எடுக்கணுமாடி?" ஓசிஐ கார்டு வாங்கிட்டா வேண்டாம்மா என்றேன். "அது என்ன ரேஷன் கார்டு மாதிரியா?" கிட்டத்தட்ட என்றேன்.

9 ஆகஸ்ட்

அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்குத் தபால் நிலையத்தில் விண்ணப்பித்தேன். மூலச் சான்றிதழையே இணைக்க வேண்டும். ஆக, மறுபடியும் வெறுங்கை.

20 செப்டம்பர்

ஒப்படைத்த இந்தியப் பாஸ்போர்ட் ரத்து முத்திரையோடு திரும்பி வந்தது, கூடவே ஒப்படைத்ததற்கான சரண்டர் சர்டிபிகேட். இனி அதைப் பயணத்துக்குப் பயன்படுத்தினால் குற்றம். ஓசிஐக்கு இன்றே விண்ணப்பம் போட்டேன். பெயரில்தான் "வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமகன்". ஓட்டு கிடையாது, தேர்தலில் நிற்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இதைக் கேட்ட பிறகுதான் பெரியப்பாவுக்கு மூச்சு வந்தது.

ஓட்டு போனதைப் பற்றி நான் அதிகம் அழ முடியாது. வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம்தான், ஆனால் ஊர் வாக்குச்சாவடிக்கு நேரில் போய்த்தான் போட முடியும். நான் ஒரு முறையும் போனதில்லை.

4 நவம்பர், செவ்வாய்

நியூ ஜெர்சியில் இன்று கவர்னர் தேர்தல், என் முதல் ஓட்டு. அதிபர் தேர்தலுக்கு அடுத்த வருஷம் கவர்னர் தேர்தல் வருவது எங்களுக்கும் வர்ஜீனியாவுக்கும்தான். இவர் காரோட்டிக்கொண்டு வந்து வெளியே காத்திருந்தார்.

கவர்னருக்கு யார் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. பள்ளிக் குழுவுக்கு நிற்பவர்களைப் பற்றித்தான் நேற்று ராத்திரி வரை படித்துக்கொண்டிருந்தேன். மூன்று பேருக்குப் போடலாம். இரண்டு பேருக்கு மட்டும் போட்டேன். மூன்றாவதாக ஒருவரும் எனக்குப் பிடிக்கவில்லை.