18 கன அங்குலம்

டெக்சாஸுக்கு வந்த நான்காவது மாதம். மரச்சட்டம் மட்டும் எழும்பி நின்ற ஒரு புது வீட்டில் ஸ்விட்ச் பாக்ஸ்களுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். ஊரில் 16 வருடம் ஒயரிங் பார்த்தவன் நான். இங்கே என் அட்டையில் அப்ரண்டிஸ், அதாவது பயிலுநர், என்று இருந்தது. ஜர்னிமேன், அதாவது முழுத் தகுதி பெற்ற எலக்ட்ரீஷியன், ஆக வேண்டுமென்றால் மாஸ்டர் எலக்ட்ரீஷியனின் மேற்பார்வையில் 8,000 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். அந்த எண் முதலில் வலித்தது, உண்மைதான்.

அதைவிடக் கையைத் தடுமாற வைத்தது நிறம். ஊரில் கருப்பு நியூட்ரல். இங்கே கருப்பில்தான் கரண்ட், வெள்ளை நியூட்ரல், கிரவுண்ட், ஊரில் எர்த் என்போமே அது, உறையே இல்லாத செம்புக் கம்பி. கருப்பைக் கண்டால் பயப்பட வேண்டும் என்று விரல்களுக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. கம்பியின் அளவும் அப்படித்தான். ஒன்றரை, இரண்டரை என்று எண் ஏற ஏறத் தடிக்கும் கம்பியையே பார்த்தவனுக்கு, 14 கேஜைவிட 12 கேஜ் தடி என்பது மனதில் நிற்க நாளானது.

சுவரை மூடுவதற்கு முன் நகராட்சி ஆய்வாளர் வந்தார். டார்ச்சை அடித்து ஒவ்வொரு பாக்ஸாகப் பார்த்தவர், சமையலறைப் பக்கம் இருந்த ஒன்றின் முன் நின்று உதடு அசைய எண்ணினார். பிறகு 'தேறவில்லை' என்று எழுதிவிட்டார். அது என் பாக்ஸ். ஒயர்களை மடித்து வைத்திருந்த அழகைப் பார்த்து நானே மகிழ்ந்திருந்த பாக்ஸ்.

சாப்பாட்டு நேரத்தில் என் மேலாள் ஒரு பலகைத் துண்டில் கணக்கைப் போட்டுக் காட்டினார். பிளாஸ்டிக் பாக்ஸின் உள்ளேயே கொள்ளளவு பொறித்திருக்கும். அது 18 கன அங்குலம். 12 கேஜ் ஒயர் ஒவ்வொன்றுக்கும் 2.25 கன அங்குலம் இடம் விட வேண்டும், அதுதான் ஒரு பங்கு. மூன்று கேபிள், ஒவ்வொன்றிலும் ஒரு கருப்பு, ஒரு வெள்ளை: ஆறு பங்கு. செம்புக் கம்பிகள் மூன்றும் சேர்ந்து ஒரு பங்கு. ஸ்விட்ச் இன்னும் மாட்டவே இல்லை, ஆனாலும் மாட்டப்போகிற ஸ்விட்சுக்கு இரண்டு பங்கு. ஆக ஒன்பது. ஒன்பதை 2.25-ஆல் பெருக்கினால் 20.25. பாக்ஸ் 18.

இதே ஒயர்கள் 14 கேஜாக இருந்திருந்தால் ஒரு பங்கு 2 கன அங்குலம். ஒன்பதுக்குச் சரியாக 18 வந்து தேறியிருக்கும். ஆனால் அது 20 ஆம்பியர் சர்க்யூட், 12 கேஜுக்குக் கீழே இறங்க முடியாது. கம்பியைக் குறைக்க வழியில்லை, பாக்ஸைத்தான் பெரிதாக்க வேண்டும். அன்று மாலையே கழற்றி 22 கன அங்குலப் பாக்ஸை மாட்டினேன்.

ஊரில் நான் பார்த்த பழக்கம் வேறு. மூடி மூடினால் சரி. மூடவில்லையா, கட்டைவிரலால் இன்னும் கொஞ்சம் அழுத்து. அப்படி அழுத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன். ஸ்விட்சின் திருகு முனை பக்கத்து ஒயரின் உறையைக் கீறும். முறுக்கிய இணைப்பு லேசாகத் தளரும். தளர்ந்த இடம் சூடாகும். நெருக்கி அடைத்த கம்பிகளுக்கு நடுவே அந்தச் சூடு வெளியேற வழி இருக்காது. பாக்ஸுக்கு வெளியே இருப்பதோ மரச்சட்டம். 2.25 என்பது கம்பியின் பருமன் அல்ல, அது கம்பியைச் சுற்றி இருக்க வேண்டிய வெற்றிடம். இது புரிந்த அன்று அந்த ஆய்வாளர் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

அப்புறம் விதியின் நுணுக்கங்களில் ஒரு பிடிப்பே வந்துவிட்டது. பாக்ஸுக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடியும் குட்டி ஒயருக்குப் பங்கு கிடையாது. ஒயர் முனைகளைச் சேர்த்து முறுக்கும் மூடியான ஒயர் நட்டுக்கும் கிடையாது. வெட்டாமல் ஊடே போகும் ஒயர் ஒன்று. அதையே நீளமாகச் சுருட்டி உள்ளே விட்டிருந்தால் இரண்டு. உள்பக்கம் கேபிளைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் இருந்தால், எத்தனை இருந்தாலும் மொத்தமாக ஒரு பங்கு. கிரவுண்ட் எத்தனை இருந்தாலும் ஒன்று என்றுதான் முன்பு கணக்கு. அமெரிக்காவின் தேசிய மின் விதிநூலின் (NEC) 2020 பதிப்பிலிருந்து நான்கு வரைதான் அந்தச் சலுகை, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு. இப்போது கேபிளைத் தொடுவதற்கு முன்பே வரைபடத்தைப் பார்த்து எண்ணிவிடுகிறேன். சந்தேகம் இருந்தால் ஆழமான பாக்ஸையே எடுப்பேன், நாளைக்கு யாராவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் மாட்டுவார்கள், அதன் முதுகு பெரிது.

போன மாதம் ஒரு தம்பி போனில் கூப்பிட்டான். வந்து ஆறு வாரம், வேறொரு நகரத்தில் வேலை.

"அண்ணே, நாலு இஞ்ச் சதுர மெட்டல் பாக்ஸ், 21 கன அங்குலம். அஞ்சு கேபிள் வருது, எல்லாம் 12. ஸ்விட்ச் எதுவும் இல்ல, வெறும் ஜாயின்ட்தான். உள்ள கிளாம்பும் கிடையாது. அடங்குமாண்ணே?"

"நீயே எண்ணு."

"கருப்பும் வெள்ளையும் பத்து. கிரவுண்ட் அஞ்சுக்கு ஒண்ணு. பதினொண்ணு."

"கிரவுண்டை மறுபடி எண்ணுப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஒண்ணேகால்... பதினொண்ணேகால். 25-ஐத் தாண்டுதுண்ணே. இதே பாக்ஸ்ல ஆழமானது இருக்கு, 30.3-னு போட்டிருக்கு. அதை எடுத்துட்டு வரேன்."